மாலைக் கம்பி

கோவையில் இருக்கும் என் மகனுக்கு,

உன் கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. நலம் கேட்டு இரண்டு வரி, கல்யாணப் பத்திரிகையில் உன் படிப்பைத் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று இரண்டு வரி, மீதி முழுவதும் கார். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கல்யாணம் நடக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிற பையன், தன் சித்தப்பா தரப்போகும் காரைப் பற்றி எழுதாமல் வேறு எதைப் பற்றி எழுதுவான்? பழனியில் முகூர்த்தம் முடிந்து, திண்டுக்கல்லில் நம் வீட்டுக்கு வந்து, நான்காம் நாள் நீயும் கோமதியும் அந்தத் திறந்த காரில் ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை வழியாகக் கோவைக்குப் போகிற திட்டத்தை மைல் கணக்கோடு எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு வரி. "அந்த ராசியான கம்பியையே சவரிமுத்து அண்ணனிடம் சொல்லி நிமிர்த்தி, சீட்டுக்குப் பின்னால் போடச் சொல்லுங்கள் அம்மா. புதிதாக எதுவும் வேண்டாம். சித்தப்பாவின் உயிரைக் காப்பாற்றிய கம்பி எங்களையும் காப்பாற்றும்."

அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். இருபத்து நான்கு வருடமாகப் பெண்கள் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் பேசிய பிறகு வீட்டில் பேசுவதற்கு மிச்சம் இருப்பதில்லை என்று உன் அப்பா கேலி செய்வார். ஆனால் பேசாமல் இருப்பது எல்லா நேரமும் அடக்கம் ஆகிவிடாது. சில நேரம் அது வெறும் கோழைத்தனம். இதை நான் கற்றுக்கொள்ளப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. அந்தக் கம்பி யார் உயிரையும் காப்பாற்றவில்லை. காப்பாற்றும்படி அது செய்யப்படவும் இல்லை. அப்படிச் செய்யப்படாததற்குக் காரணம் நான்.

உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் திரும்ப எழுதுகிறேன், பொறுத்துக்கொள். உனக்குத் தெரிந்தது வீட்டில் எல்லோரும் சொன்ன கதை. நான் மறுக்காமல் விட்ட கதை.

உன் சித்தப்பா ராமசாமிக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. கொடைக்கானல் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பிப் போகும்போது, தன் பச்சை நிறக் காரை இவனிடம் விற்றுவிட்டுப் போனார். இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது, மழைக்கு இழுத்துப் போட ஒரு கித்தான் துணி மட்டும். கதவு இடுப்புயரம்கூட இல்லை. அடியில் இரும்புச் சட்டம், அதன்மேல் மரச்சட்டம், மரச்சட்டத்தின்மேல் மெல்லிய தகரம். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும். கொடைரோடு ஸ்டேஷன் பக்கமிருந்து அதை அவன் ஓட்டி வந்தபோது, தெருவே வெளியே வந்து நின்றது. எதிர்வீட்டு ராவுத்தர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பாதி வண்டிதான் குடுத்தானா? மேல் பாதி எப்ப வரும்?" என்று கேட்டார். சித்தப்பா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்போதெல்லாம் அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பான்.

அந்தக் காரின் பின்பக்கப் பெட்டியில் வெள்ளைக்காரர் சில மோட்டார் பத்திரிகைகளை விட்டுப் போயிருந்தார். அச்சடித்த எதையும் படிக்காமல் தூக்கிப் போடுவது எனக்கு ஆகாது. ஒன்றில் அமெரிக்காவில் பந்தயம் ஓட்டும் திறந்த கார் ஒன்றின் படம் இருந்தது. ஓட்டுகிறவன் தலைக்குப் பின்னால் தடித்த இரும்புக் குழாய் ஒன்று வளைவு போல நின்றது. கார் தலைகீழானால் அந்த வளைவு தரையில் ஊன்றிக்கொள்ளும், தலைக்கும் தரைக்கும் நடுவில் இடம் இருக்கும். படத்தைப் பார்த்ததும் புரிகிற விஷயம். சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அந்தக் காரில்தான் மாப்பிள்ளை ஊர்வலம் என்று முடிவாகியிருந்த சமயம். அன்று சாயங்காலம் உன் அப்பா கோர்ட்டிலிருந்து வந்து காப்பி குடிக்கும்போது பேச்சை எடுத்தேன்.

"ஏங்க, ராமு காருக்கு மேல ஒண்ணுமே இல்லையே. எங்கயாச்சும் கவுந்தா..."

"ச்சூ!" என்றார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "கல்யாணம் வச்சிருக்க வீட்ல என்ன பேச்சு பேசுற நீ?"

"கவுந்தான்னுதானே சொன்னேன். கவுக்கணும்னு சொல்லல."

"அந்த வார்த்தையே வேண்டாங்கிறேன்."

நாள் முழுவதும் கோர்ட்டில் கொலை, தீவைப்பு, தூக்குத் தண்டனை என்று வாதாடிவிட்டு வருகிற மனிதர். சாமி கும்பிடுவதுகூட என்னைப் போலவே அரைமனதுதான். ஆனாலும் கல்யாண வீட்டில் சில சொற்களை வாயில் எடுக்கக் கூடாது என்பது அவர் உடம்பில் ஊறியது. அவரை மட்டும் சொல்வானேன். நம் ஊரில் விளக்கை அணை என்று சொல்கிறோமா? குளிர வை என்கிறோம். போகிறேன் என்று சொல்லிவிட்டு யாராவது வீட்டை விட்டுக் கிளம்புகிறோமா? வாரேன் என்கிறோம். அதில் ஓர் அழகு இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இரும்புக்கு அந்த அழகு தெரியாது.

செத்த நேரம் கழித்து அவரே வழி சொன்னார். "கம்பி போடணும்னா போடு. எதுக்குன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லாத. ஊர்வலத்துக்கு மாலை கட்ட ஒரு கம்பின்னு சொல்லு. கேக்கவும் நல்லாருக்கும்." வக்கீல் மூளை. எனக்கும் அது சரியென்றே பட்டது. கம்பி வந்தால் போதும், பெயரில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். சித்தப்பாவிடம் சொன்னதும் குதித்தான். "மாலைக் கம்பியா? பேஷ் மதினி! அப்படியே சின்னச் சின்ன பல்பும் சுத்தி விட்ருவோம்!"

மறுநாள் பள்ளி விட்டதும் சவரிமுத்துவின் பட்டறைக்குப் போனேன். பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பெயர் வாங்கிய ஊர் இது. இரண்டும் செய்கிறவர் அவர். திருடன் சம்மட்டியால் அடித்தாலும் திறக்காத பெட்டி செய்யத் தெரிந்தவருக்கு, ஒரு வளைவுக் குழாய் செய்வது பெரிய காரியமில்லை. என்ன வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்லியிருக்க வேண்டும். நடந்த பேச்சை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு சொல்லையும் நான் மறக்கவில்லை.

"எம்புட்டு கனம் தாங்கணும் டீச்சரம்மா?"

"மாலை கட்டறதுக்குத்தான்."

"ரோசாப்பூ மாலையா, சம்பங்கியா? சம்பங்கின்னா கனம் கூட ஆச்சே" என்று சிரித்தார்.

"ரெண்டும்தான்."

"அப்ப சாதாரணத் தண்ணிக் குழாயே போதும். அந்த மரச்சட்டத்துல நாலு திருகாணி போட்டு நிப்பாட்டிருவோம். வெள்ளி பெயிண்டு அடிச்சுப் பளபளன்னு தாரேன், போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்."

"கொஞ்சம் கனமான குழாயாவே போடுங்களேன்."

"எதுக்குத் தாயீ வீணா?"

பட்டறையில் நான்கு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து சுத்தியல் சத்தம் கேட்கிற அளவு நேரம் நான் பதில் சொல்லாமல் நின்றேன். கார் கவிழ்ந்தால் அதன் முழு எடையும் இதில் இறங்கும் என்று ஒரே வாக்கியம். பத்தாம் வகுப்புப் பெண்ணே சொல்லிவிடுவாள். "சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கம்பி வந்தது, பளபளவென்று. யாரும் இல்லாத நேரத்தில் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கம்பியோடு சீட்டின் முதுகும் மரச்சட்டமும் சேர்ந்து ஆடின. இரும்புச் சட்டம்வரை அது போகவே இல்லை. காரில் நின்றதே தவிர, காரைத் தாங்க அதற்கு வழியில்லை. உன் அப்பா வந்து, "நல்லாருக்குல்ல?" என்று கேட்டார். நான் "ம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் மிகச் சிறியது அதுதான். ஒரே ஓர் எழுத்து.

ஊர்வலம் பிரமாதமாக நடந்தது. நிலக்கோட்டைப் பக்கத்துச் சம்பங்கியும் ரோஜாவும் அந்தக் கம்பியில் சரம்சரமாகத் தொங்கின. நீ அப்போது பள்ளிக்கூடத்துப் பையன், பக்கத்தில் ஓடி வந்தாய். உனக்கு அந்தப் பூக்கள் நினைவிருக்கும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பெண் வீட்டாருக்கு வைத்த விருந்துக்கு ஆடு பார்க்க அய்யலூர்ச் சந்தைக்குச் சித்தப்பா தனியாக அந்தக் காரில் போனான். விலை படியாமல் வெறும் கையோடு திரும்பினான். ஒரு வளைவில், சந்தையில் வாங்கிய ஆட்டு மந்தை ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. ஒதுக்கினான். இடப்பக்கத்துச் சக்கரம் இரண்டும் பள்ளத்தில் இறங்கின. கார் மெதுவாக, ஆட்டை ஓட்டி வந்தவர்கள் சொன்னபடி, படுத்துப் புரள்கிற எருமை மாதிரி கவிழ்ந்தது. பெரிய வேகம்கூட இல்லை. மாலைக் கம்பி திருகாணியோடு பெயர்ந்து மடங்கி, அவன் தோளின் மேலேயே விழுந்தது. அந்த இடத்தில் பள்ளம் கொஞ்சம் ஆழமாக இருந்ததால், கார் இரண்டு கரையிலும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அவன் பள்ளத்துக்குள் கிடந்தான். அவனைக் காப்பாற்றியது அந்தப் பள்ளம். தரை சமமாக இருந்திருந்தால் இன்று உனக்குச் சித்தப்பா இல்லை.

சிறுவயதில் நீ ஒரு விளையாட்டு விளையாடுவாய். சித்தப்பாவைப் பின்னாலிருந்து கூப்பிடுவாய். அவன் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்புவான். "சித்தப்பா பீரோ மாதிரி திரும்புறாரு" என்று நீ சிரிப்பாய், அவனும் சிரிப்பான். இடது கையை அவனால் தோளுக்கு மேல் தூக்க முடியாது. நீங்கள் இருவரும் சிரிக்கும்போதெல்லாம் நான் அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன். ஏன் என்று நீ கேட்டதில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சவரிமுத்து வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. "மாலைக்குன்னுதானே தாயீ சொன்னீங்க?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, இத்தனை வருடத்தில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஆனால் ஊர் வேறு கதை சொல்லத் தொடங்கியது. நசுங்கிய காரையும் உயிரோடு இருக்கிற ஆளையும் பார்த்தவர்கள், நடுவில் மடங்கிக் கிடந்த கம்பியைப் பார்த்தார்கள். அதுதான் தாங்கியது என்று முடிவு கட்டினார்கள். உன் அப்பா நம்பினார். வந்தவர் போனவரிடமெல்லாம், "படிச்ச பொம்பள வீட்ல இருந்தா இப்படித்தான், மாலைக்குன்னு போட்டது மலையவே தாங்கிருச்சு பாருங்க" என்று பெருமையாகச் சொன்னார். முதல் நாள் நான் மறுக்கவில்லை, உயிருக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் இருந்தோம். இரண்டாம் வாரம் மறுக்கவில்லை, அவன் தேறி வந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை. ஒரு வருடம் ஆன பிறகு எப்படி மறுப்பது என்று தெரியவில்லை. புகழ்ச்சி என்பது ஒருவர் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன குடை மாதிரி. உடனே கூப்பிட்டுக் கொடுத்துவிட வேண்டும். நாலு மழைக்குப் பிடித்துவிட்டால் நம்முடையது போலவே ஆகிவிடும்.

மடங்கின கம்பி ஒட்டன்சத்திரம் மண்டிக்குப் போய், சுவரில் ஆணியில் ஏறியது. வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம், குங்குமம். கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகிற லாரி டிரைவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறுவதை நீயே பார்த்திருக்கிறாய். நான் ஒருமுறை பார்த்தேன். அதன் பிறகு அந்த மண்டிப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

இப்போது கோமதிக்கு வருகிறேன். நிச்சயதார்த்தத்துக்குப் பழனியிலிருந்து வந்தவர்களிடம் சித்தப்பா, பன்னிரண்டு வருடம் கொட்டகையில் கிடந்த காரைச் சரி செய்து உங்களுக்குத் தரப்போவதாகச் சொன்னானே, நினைவிருக்கிறதா? கம்பியையும் எடுத்து வந்து காட்டினான். உன் மாமனார் கையெடுத்துக் கும்பிட்டார். "ராசியான கம்பீங்க. இதவே போட்டுக் குடுத்துருங்க, எங்களுக்கு வேற எதுவும் வேண்டாமுங்க" என்றார். நீ அப்போது வாசலில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தாய், அதனால் அடுத்து நடந்தது உனக்குத் தெரியாது. கோமதி குனிந்து அந்தக் கம்பியின் மடங்கின இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏனுங்கத்தை, வண்டி கவுந்தா இது தாங்குமுங்களா?"

அவள் அம்மா அவள் கையைக் கிள்ளியது எனக்குத் தெரிந்தது. "வாயக் கழுவு புள்ள, நல்ல நாளும் அதுவுமா" என்றார். உன் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லோருக்கும் பாயசம் கொண்டுவரச் சொன்னார். பன்னிரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை முழுதாகச் சொன்னவள் அந்தப் பெண் ஒருத்திதான். பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய்ப் பாயசம் கொண்டுவந்தேன்.

அதற்குப் பிறகு உன் கடிதம். இரண்டாவது முறையும் வாயை மூடிக்கொண்டிருந்த எனக்கு, மூன்றாவது முறைக்குத் தைரியம் இல்லை என்று வைத்துக்கொள். சனிக்கிழமை மண்டியிலிருந்து கம்பியை வாங்கிக்கொண்டு, சவரிமுத்துவின் பட்டறைக்குப் போனேன். அவருக்கும் தலை நரைத்துவிட்டது, ஆனால் பட்டறை மூன்று மடங்கு பெருத்திருக்கிறது. கம்பியைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நிமித்தித் தரணுமா டீச்சரம்மா? பையன் கல்யாணக் காருக்கா?" குரலில் உயிரே இல்லை. "எத்தன பேரு இதே மாதிரி ராசிக் கம்பி வேணும்னு ஜீப்பக் கொண்டாந்து நிப்பாட்டுனாங்க தெரியுமா? ஒருத்தருக்கும் நான் போட்டுக் குடுக்கல. கைவலின்னு சொல்லிட்டேன்."

"நிமித்துங்க. நிமித்திட்டு, கார்ல இருந்த மாதிரியே ஒரு மரச்சட்டத்துல திருகி வைங்க. அதுமேல உங்க பெட்டி ஒண்ண இறக்கிப் பாக்கணும்."

அவர் கம்பியைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டார். நிமிர்த்தின கம்பியின் மேல், அரை டன் இருக்கும் இரும்புப் பெட்டியைச் சங்கிலியில் தொங்கவிட்டு மெதுவாக இறக்கினார்கள். பெட்டியின் எடையில் பாதிகூடச் சங்கிலியை விட்டு இறங்கவில்லை. சத்தமே இல்லாமல் கம்பி பழைய இடத்திலேயே மடங்கியது, திருகாணிகள் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தன. காரின் எடை அந்தப் பெட்டியைவிட அதிகம். இந்த முறை நான் பேசினேன்.

"சவரிமுத்து, எனக்குக் கம்பி வேணும். கார் கவுந்தா தாங்கணும். ரெண்டு பேரு தலை தப்பணும். அதுக்குத்தான் கம்பி. மாலைக்கு இல்ல."

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா தாயீ..." என்றவர் முடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அளவுகோலை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டன்சத்திரத்துக்குப் போய்ச் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடம் சொல்லுமுன் அவனிடம் சொல்வதுதான் முறை. மண்டியில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டான். நான் எதிர்பார்த்த எந்தப் பதிலும் வரவில்லை.

"பன்னெண்டு வருசமா அந்தக் கம்பிக்குச் சந்தனம் வச்சிருக்கேன் மதினி."

"தெரியும்."

"லாரிக்காரனுகளையும் தொட விட்டிருக்கேன்."

"தெரியும் ராமு."

உடம்போடு திரும்பிச் சுவரில் வெறுமையாக இருந்த ஆணியைப் பார்த்தான். "அன்னிக்கு நீங்க கவுந்தான்னு சொல்லி அந்தக் கம்பியப் போட்டிருந்தா, நானே புடுங்கி எறிஞ்சிருப்பேன். கல்யாண மாப்பிள்ளைல்ல? அதையும் எழுதுங்க அவனுக்கு" என்றான். பிறகு மெதுவாக, "ஆனா சொல்லியிருக்கலாம் மதினி" என்றான்.

மன்னிப்பு என்று இதைச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கிளம்பும்போது வாழையிலைக் கட்டும் ஒரு கூடைக் காயும் வண்டியில் ஏற்றிவிட்டான், எப்போதும் போல. நேற்றுப் பட்டறைக்கு வந்து புதுக் கம்பியை வலது கையால் தூக்கிப் பார்த்து, "இது கனம்" என்று மட்டும் சொன்னானாம்.

உன் அப்பா இந்தக் கடிதத்தைப் படித்தார். வழக்கு மனுவைத் திருத்துவது போல இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். மாலைக்கு என்று சொல்லச் சொன்னது அவர்தான் என்பதை இன்னும் தெளிவாக எழுத வேண்டும் என்றார். ஆகவே எழுதுகிறேன்: சொல்லச் சொன்னது அவர். ஆனால் ஆட்டிப் பார்த்தது நான். தெரிந்தவர் பிழையும் தெரியாதவர் பிழையும் ஒரே எடை இல்லை. இப்போதும் அவர் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. "அந்த மாதிரி ஏதாவது ஆனா" என்கிறார். இந்த 1967-ஆம் வருடத்திலும் அப்படித்தான். போகட்டும், எல்லோரையும் மாற்ற நான் யார்.

புதுக் கம்பியைப் பற்றிச் சொல்கிறேன். கொதிகலனுக்குப் போடுகிற தடித்த குழாய். வளைத்த இடத்தில் நசுங்கல் இல்லை, நானே விரலால் தடவிப் பார்த்தேன். தகரத்தையும் மரத்தையும் துளைத்துக்கொண்டு இறங்கி, அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தில் கனத்த தகடு வைத்து முடுக்க வேண்டும். பின்பக்கமாகச் சாய்ந்த இரண்டு தாங்குக் கால்கள் உண்டு. அவை இல்லாவிட்டால் வளைவு பின்னால் படுத்துவிடும். இரண்டு தண்டவாளத் துண்டின்மேல் நிறுத்தி அதே பெட்டியை முழுதாக இறக்கினோம். தாங்கியது. ஆனால் நான் சந்தேகப் பிராணி. மெதுவாக இறக்கிய எடை வேறு, சாலையில் விழுகிற எடை வேறு. நீ வேலை பார்க்கும் மில்லில் இருக்கும் எஞ்சினியரிடம் இதோடு வைத்திருக்கும் படத்தைக் காட்டு. தப்பு என்று அவர் சொன்னால் வெட்கப்படாமல் எனக்கு எழுது. இன்னொன்று. கம்பி மட்டும் போதாது. கார் புரளும்போது ஆள் வெளியே போய்விட்டால் வளைவு யாரைக் காக்கும்? இடுப்பையும் தோளையும் பிடிக்கும் நல்ல வார் இரண்டு கோவையில் தேடு. தலை படுகிற இடத்தில் கம்பளியைக் கனமாகச் சுற்று.

வளைவு உட்கார்ந்திருப்பவர் தலையைவிட நான்கு விரலாவது உயர்ந்திருக்க வேண்டும். கால்களை நீளமாகவே விட்டிருக்கிறோம், அளவு எடுத்த பிறகுதான் வெட்ட வேண்டும். கோமதிக்கு ஒரு கார்டு போட்டு, சீட்டிலிருந்து உச்சிவரை உயரம் கேட்டிருந்தேன். மறுதபாலில் பதில் வந்துவிட்டது. "முப்பத்திரண்டு அங்குலமுங்க அத்தை. முகூர்த்தக் கொண்டையோட முப்பத்து நாலரை. உங்க மகன் உயரம் எனக்கெப்படித் தெரியும், அவர்கிட்டவே கேளுங்க" என்று எழுதியிருக்கிறாள். உன் உயரம் எனக்கும் தெரியாது. பெற்ற பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தால் எவ்வளவு உயரம் என்று எந்த அம்மா அளந்து வைத்திருக்கிறாள்?

காரில் இன்னும் ஒரு துளைகூடப் போடவில்லை. போட வேண்டாம் என்று நான்தான் சவரிமுத்துவிடம் சொன்னேன். கார் உன்னுடையது, அதில் உட்காரப்போகிறவர்கள் நீங்கள் இருவரும். உனக்குத் தெரியாமல், உன் நன்மைக்கு என்று சொல்லி, ஒன்றைச் செய்து முடித்துவிட்டு அதற்கு வேறு பெயர் வைப்பதை நான் ஒருமுறை செய்தாயிற்று. பழைய கம்பி மறுபடி மடங்கிய கோலத்தில் பட்டறையில் கிடக்கிறது, வந்தால் கையில் எடுத்துப் பார். அப்புறமும் அதுதான் வேண்டுமென்றால், கோமதியிடம் கேட்டுவிட்டுச் சொல். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வந்துவிடு. சீட்டில் நிமிர்ந்து உட்கார், நான் அளவுகோலோடு பக்கத்தில் நிற்கிறேன்.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்குச் சொல்ல எனக்கு அறிவுரை அதிகம் இல்லை. உன் மனைவி ஒன்றைக் காட்டி, நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், அது ஆடுகிறது என்று உனக்குத் தெரிந்தால், "ம்" என்று சொல்லாதே. அவள் கேட்கிற நேரான கேள்விக்குப் பாயசம் கொண்டுவரப் போகாதே. இவ்வளவுதான்.

ஊர்வலத்தன்று பூக்காரர்கள் காரை விடமாட்டார்கள். முன்விளக்கில் கட்டட்டும், கதவில் கட்டட்டும், கண்ணாடியைச் சுற்றிக் கட்டட்டும். கம்பியில் மட்டும் ஒரு பூகூட வேண்டாம். வெறும் இரும்பாக நிற்கட்டும். இது எதற்கு என்று யாராவது கேட்டால், நேராகச் சொல். கோமதி கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதை எனக்காக நீ அவளிடம் படித்துக் காட்டு: கவிழ்ந்தால் அந்தப் பழைய கம்பி தாங்காது கோமதி, அது மாலைக்குச் செய்தது. புதியது தாங்கும் என்று நம்புகிறேன், நிச்சயமாகத் தெரியாது, அதனால் சாலை வளைவில் அவனை மெதுவாகப் போகச் சொல்.

உன் அம்மா